கேப்ஷனைப் போடுங்க, சார்!

2020 மார்ச்சில் கொரோனாவால் அமீரகக் கல்லூரிகள் ஆன்லைனுக்கு மாறியது நினைவிருக்கும். வாட்ஸ்அப் கால்கூடப் போகாத ஊரில், படிப்புக்காக ஜூம், டீம்ஸ் எல்லாவற்றையும் அரசு அனுமதித்தது. நல்ல முடிவு. ஆனால் அனுமதித்தால் மட்டும் போதுமா?

என் அக்கா மகன் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். காது கொஞ்சம் மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வான். ஆன்லைன் வகுப்பு எடுக்கும் ஒரு பேராசிரியர் கேமராவையே போடுவதில்லை.

"கேட்க வேண்டியதுதானேடா?" என்றேன்.

"எல்லார் முன்னாடியும் எப்படி மாமா சொல்றது?"

அந்தப் பாடத்தில் ஃபெயில்.

பேசுவது எழுத்தாக ஓடும் கேப்ஷன் வசதி, 2021 அக்டோபரிலிருந்து ஜூமின் இலவசக் கணக்கிலேயே இருக்கிறது. நம்மவர்கள் உச்சரிப்பில் அது சில நேரம் தடுமாறும். அதனால் ஸ்லைடுகளை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். "இதோ இங்க பாருங்க" என்பதோடு நிறுத்தாமல், திரையில் இருப்பதை வாயாலும் சொல்லுங்கள். பார்வையில்லாத மாணவருக்கும் புரியும். வகுப்பைப் பதிவு செய்து கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளை 'மன உறுதி கொண்டவர்கள்' என்று அழைக்கும் நாடு இது. அந்த உறுதியெல்லாம் ஒரு கேப்ஷனைக் கேட்டு வாங்குவதிலேயே தீர்ந்துபோக வேண்டுமா? அடுத்த வகுப்பில், யாரும் கேட்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், சார்.