ஃபார்மட் பண்ணும் முன் ஒரு நிமிடம்!

லேப்டாப் ஒருநாள் காலையில் எழுந்திருக்காது. விண்டோஸ் சுற்றிச்சுற்றி நிற்கும். உள்ளே மகளின் முதல் பிறந்தநாள் போட்டோ, இப்போது இல்லாத தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. சர்வீஸ் கடையில், 'ஃபார்மட் அடிச்சுடலாமா?' என்பார்கள். சட்டென்று தலையாட்ட வேண்டாம்.

லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் 'லைவ்' ஆக ஓடவிட்டால், ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை பெரும்பாலும் தெரியும். டிஸ்க்கிலிருந்தே 'டக் டக்' சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். அது வேறு வியாதி.

சிலருக்கு டிரைவ் திறக்காது, அல்லது 'ரீட் ஒன்லி' என்று அடம்பிடிக்கும். காரணம், விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. பாதிக் கணக்கை எழுதிவிட்டுப் பேரேட்டை மூடிவைப்பதுபோல அரைத்தூக்கத்தில் இருக்கும். அதில் இன்னொருவர் கைவைத்தால் கணக்கே குழம்பும். அதனால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. காப்பி எடுக்க, படிக்க முடிந்தாலே போதுமே! திறக்கவே மறுத்தால், டெர்மினலில் 'ஆர்ஓ' என்ற ஆப்ஷனோடு மவுன்ட் செய்து பார்க்கலாம். 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' போட்டுச் சரிசெய்யச் சொல்லும் யோசனைகள் எல்லாம் காப்பி எடுத்த பிறகுதான்.

விண்டோஸ் நன்றாக ஓடும் லேப்டாப்பில் இதே தொல்லை என்றால் வேலை சுலபம். ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் போனால் போதும். நிரந்தரத் தீர்வு, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுவது.

பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். பலருக்கு அது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலேயே கிடக்கும். கீ இல்லாவிட்டால் லினக்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, எதில் காப்பி எடுப்பது? ஃபேட்32 பென் டிரைவ் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோ அங்கேதான் நிற்கும். எக்ஸ்ஃபேட் டிரைவ் என்றால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் திறக்கும். 2019-ல் வந்த 5.4 முதல் லினக்ஸ் கெர்னலே அதைப் படிக்கிறது.

லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 டிஸ்க்கில் காப்பி எடுத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதை விண்டோஸில் செருகியதும், 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று ஒரு பெட்டி வரும். டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாகவே இருக்கும். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேன்சலை அழுத்துங்கள்.