அம்முகூடா பலராமை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

சென்ற மாதம் என் பேரன் தன் அறைச் சுவரில் ஒரு பெரிய படத்தை ஒட்டினான். "யாரப்பா இது?" என்றேன். "கூபோ, தாத்தா! ஜப்பான்காரர், ஸ்பெயினில் பேர் வாங்கியவர்" என்றான். டகேஃபுசா கூபோ 2001-இல் பிறந்தது, பத்து வயதில் பார்சிலோனா பயிற்சிப் பள்ளிக்குப் போனது, 2022-இல் ரியல் சோசியேடாட் அணியில் சேர்ந்தது எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

"சரி, பலராமைத் தெரியுமா?" என்று கேட்டேன். "எந்தப் பலராம்?" என்றான்.

துளசிதாஸ் பலராம், நம் திருமுல்கேரிக்குப் பக்கத்திலுள்ள அம்முகூடாவில் 1936-இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஹைதராபாத் ரஹீம் சாஹிப் அவரைக் கண்டெடுத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பெற்ற இந்திய அணியில் பலராமும் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒன்று, பெருவுக்கு எதிராக ஒன்று என இரண்டு கோல் போட்டார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் அணி தங்கம் வென்றது. வழியில் தோற்ற அணிகளில் ஜப்பானும் ஒன்று, 2–0 கணக்கில்! இதைச் சொன்னபோது பேரன் நம்பவில்லை.

அந்நாளில் தொலைக்காட்சி இல்லை, அதனால்தான் புகழ் பரவவில்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் அவரோடு சேர்த்து மும்மூர்த்திகள் என்று பேசப்பட்ட சுனி கோஸ்வாமிக்கும் பி.கே. பானர்ஜிக்கும்தான் தொலைக்காட்சி இல்லை. சுனிக்கு 1983-இலும் பி.கே.வுக்கு 1990-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்கு 1962-இல் அர்ஜுனா விருது கிடைத்ததோடு சரி. நுரையீரல் நோயால் இருபத்தாறு, இருபத்தேழு வயதிலேயே அவருடைய ஆட்டம் முடிந்துபோனது ஒரு காரணம்.

என் மனத்தில் படும் இன்னொரு காரணமும் உண்டு. பிறந்தது தெலுங்கு மண், வீட்டு மொழி தமிழ், ஆடிப் புகழ் பெற்றதும் கடைசி வரை வாழ்ந்ததும் வங்காளம். "இவர் எங்கள் பிள்ளை" என்று உரிமையோடு குரல் கொடுக்க ஓர் ஊர் வேண்டாமா? ஊர் விட்டு ஊர் வந்த நம் எல்லோருக்கும் உள்ள குறைதானே இது!

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. இத்தனை ஆண்டுகள் இங்கே குடியிருந்தும், 2023 பிப்ரவரியில் அவர் கொல்கத்தாவில் காலமான செய்தியைப் பார்த்த பிறகுதான் அவரைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டேன்.

கூபோவின் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. திறமை எங்கிருந்தாலும் போற்றத்தான் வேண்டும். பக்கத்தில் இன்னொரு படத்துக்கும் இடமுண்டு என்றுதான் சொல்கிறேன். நம் சங்கம் ஆண்டுதோறும் சித்திரை விழாவையொட்டிச் சிறுவர்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டி நடத்தி, பலராம் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கலாமே? அம்முகூடா, பொல்லாரம், லால் பஜார் பக்கத்துப் பெரியவர்கள் அவர் ஆட்டத்தைப் பார்த்திருந்தால் நம் இதழுக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லுங்கள், வந்து நான் எழுதிக்கொள்கிறேன்.

முதல் கோப்பைக்கான செலவில் என் பங்கை இப்போதே தந்துவிடுகிறேன்.