வயலுக்கு நகரம் பட்ட கடன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

அவனியாபுரம் பண்ணைப் புல்லை வாங்கிப் போட்டுத்தான் என் பாட்டி மாடு வளர்த்தார். மதுரை நகரின் சாக்கடைநீர் பாய்ந்து வளர்ந்த தீவனப் புல் அது. சுதந்திரத்துக்கு முன்பே இங்கு வழக்கத்துக்கு வந்த சாகுபடி. புல்கட்டைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. பாலை வேண்டாம் என்றவர் எவருமில்லை. அந்தப் பால் காசில் என் தந்தை எட்டாம் வகுப்பு வரை படித்தார். நான் கல்லூரி வரை வந்திருக்கிறேன். ஆகவே சாக்கடையைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமில்லை.

மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி வயல்களில் விளையும் நெல்லும் காய்கறியும் மண்ணிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வருகின்றன. நாம் உண்கிறோம். உண்ட சத்தில் பெரும்பகுதி நம் உடலில் தங்குவதில்லை, சாக்கடைக்குப் போய்விடுகிறது. நாள்தோறும் வயலிடம் வாங்குகிறோம், திருப்பித் தருகிறோமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவனியாபுரத்திலுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொள்ளளவு உடையது. நகரக் கழிவுநீரில் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பது சாதாரணம். நிலையம் நிறைய நீர் வந்தால், ஒரே நாளில் 5 டன் தழைச்சத்து! யூரியாவில் இருப்பது 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டைகளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 240 மூட்டை யூரியாவுக்கு அது சமம்.

இந்தச் சத்து வயலுக்குப் போகாவிட்டால் எங்கே போகிறது? வைகையிலும் வண்டியூர்க் கண்மாயிலும் படரும் ஆகாயத்தாமரையைக் கேளுங்கள். நாம் உரமிட்டு வளர்க்கும் பயிர் அதுதான்! மறுபுறம், மணிச்சத்து உரத்துக்கான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறோம்.

"அப்படியானால் சாக்கடையை அப்படியே வயலுக்குத் திறந்துவிடச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. சுத்திகரிக்காத நீரில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கொக்கிப்புழு பற்றும். கிருமிகள் காய்கறியோடு சமையலறைக்கு வரும். சாயப்பட்டறைக் கழிவு கலந்தால் உப்பேறி மண்ணே கெடும். ஆகவே தொழிற்கழிவைத் தனியே பிரிப்பது முதல் வேலை. கசடைப் படியவைத்து, காற்றூட்டி, நுண்ணுயிர்களால் மாசைச் சிதைத்து, கிருமி நீக்கிய பிறகே நீரை விடவேண்டும். அதையும் முதலில் தீவனப் புல்லுக்கும் பருத்திக்கும் மரங்களுக்கும் விடுவதே அறிவுடைமை.

கசடும் வீணல்ல. காற்றுப் புகாத தொட்டியில் அதை நொதிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும். அதிலிருந்து வடியும் நீரில் மெக்னீசிய உப்பைச் சேர்த்தால் அம்மோனியமும் பாஸ்பேட்டும் கூடி 'ஸ்ட்ரூவைட்' என்னும் படிகமாகப் படியும். மெல்லக் கரைந்து பயிருக்கு ஊட்டும் நல்ல உரம் அது.

நீரை இன்னும் தூய்மையாக்கவும் முடியும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரைச் சவ்வு வடிகட்டிகளால் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் 2019-இல் தொடங்கப்பட்டன. சிங்கப்பூரில் 2003 முதலே இவ்வகை நீர் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் சுற்றிலும் வயல் சூழ்ந்த மதுரைக்கு, தொழிற்சாலையை விட வயலே முதல் உரிமையாளர் என்பது என் கருத்து. வயலுக்குப் போகும் நீரிலிருந்து தழைச்சத்தைச் செலவு செய்து நீக்கிக் காற்றில் விடுவானேன்? கிருமியை நீக்குவோம், சத்தை விட்டுவைப்போம்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது பணம் மட்டுமல்ல, நம் அருவருப்பும்தான். சாக்கடையை இழிவென்று ஒதுக்கினோம். அதில் உழைப்பவரையும் சேர்த்தே ஒதுக்கினோம். மனிதர் கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் பாதாளச் சாக்கடை மரணங்கள் நின்றபாடில்லை. செல்வம் என்று மதிக்கும் பொருளை எடுக்க இயந்திரமும் கையுறையும் நல்ல ஊதியமும் தர மனம் வரும். குப்பை என்று நினைப்பதற்கு ஓர் ஏழையின் உயிரைத்தான் அனுப்புவோம்.

நண்பர்களே! மாநகராட்சி, வேளாண்மைக் கல்லூரி, விவசாயிகள் மூவரும் கூடி, முதலில் ஒரு ஐந்து ஏக்கரில் சோதித்துப் பார்க்கட்டும். வாரந்தோறும் நீரையும் மண்ணையும் பரிசோதிக்கும் வேலைக்கு அறிவியல் மாணவர்களாகிய நம்மை அழைக்கட்டும். பாட்டிக்குத் தெரிந்த பயனோடு நமக்குத் தெரிந்த பாதுகாப்பையும் சேர்த்தால், வயலுக்குப் பட்ட கடனை இந்த நகரம் அடைக்கத் தொடங்கலாம்.