சங்கு வாங்கினீர்கள், நண்டைப் பார்த்தீர்களா?

கன்னியாகுமரிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். விடியற்காலையில் எழுந்து சூரியன் உதிப்பதைப் பார்க்கிறார்கள். அம்மனைக் கும்பிடுகிறார்கள். வரிசையில் நின்று படகு ஏறி, விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள். 133 அடி வள்ளுவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடக்கிறார்கள். பிறகு கடைவீதி. பிள்ளைக்கு ஒரு சங்கு, ஒரு சிப்பி மாலை, சோழி ஒட்டிய கண்ணாடி. அவ்வளவுதான், பஸ் ஏறிவிடுகிறார்கள்.

அந்தப் பிள்ளையிடம், "கடலில் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "நிறையத் தண்ணீர்!" என்று சொல்லும்.

வெளியூர்க்காரர்களைச் சொல்வானேன்? நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே கடலில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. மீன் குழம்பில் வந்தால்தான் தெரியும்.

என் யோசனை இது: கடைவீதியில் செலவழிக்கும் இரண்டு மணி நேரத்தைப் பாறைக்குக் கொடுங்கள். காசு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

கடல் வற்றும் நேரம்

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும். இரண்டு தடவை வற்றும். சந்திரன் இழுப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். சூரியனும் கொஞ்சம் கைகொடுக்கிறது. இன்று வற்றும் நேரத்தைவிட நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வற்றும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும்.

நம் குமரிக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அந்த அளவு போதும். பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சின்னக் கடல்!

முட்டத்துப் பாறைகளை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 'கடலோரக் கவிதைகள்' (1986) அங்கேதான் எடுத்தார்கள். பாட்டைப் பார்த்தோம், பாறையைப் பார்க்கவில்லை!

ஒட்டிக்கொண்ட குடித்தனம்

பாறையில் முதலில் கண்ணில் படுவது சிப்பி. குளச்சல், முட்டம், இனயம் பக்கத்து ஆட்கள் மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பெயர்த்து எடுத்து வருகிறார்களே, அதே சிப்பிதான். தாய்மார்களே, சிப்பியைச் சுத்தம் செய்யும்போது முடிமாதிரி ஒன்றைப் பிய்த்து எறிகிறீர்கள் அல்லவா? அதுதான் அதன் நங்கூரக் கயிறு. எத்தனை அலை அடித்தாலும் அந்தக் கயிறு சிப்பியைப் பாறையோடு பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள பசை தண்ணீருக்குள்ளும் ஒட்டும். அதேபோல் ஒரு பசை செய்து, மனிதரின் காயத்தை ஒட்ட முடியுமா என்று பல நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். நாம் குப்பையில் போடுவது அவர்களுக்குப் புதையல்!

பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரவென்று ஒட்டியிருக்கும், காலைக் கிழிக்கும். அதற்குக் கொட்டலசு என்று பெயர். பார்த்தால் சிப்பி வகை என்று தோன்றும். இல்லை, நண்டுக்குச் சொந்தக்காரன். ஓட்டுக்குள் தலைகீழாக நின்று, காலால் இரையை வாரித் தின்னும்!

இந்தக் கொட்டலசை இங்கிலாந்து விஞ்ஞானி டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டு ஆராய்ந்தார். அப்பா எப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், அவருடைய பிள்ளைகளில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, "அவர் எங்கே உட்கார்ந்து கொட்டலசு பார்ப்பார்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். எல்லா அப்பாக்களுக்கும் அதுதான் வேலை என்று அந்தக் குழந்தை நினைத்துவிட்டது.

இன்னொன்று, குட்டித் தொப்பி கவிழ்த்ததுபோல் பாறையோடு பாறையாக இருக்கும் நத்தை. கடல் ஏறினால் பாசியைச் சுரண்டித் தின்னப் புறப்படும். தின்று முடித்து, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். அதன் பல் இருக்கிறதே, சிலந்தி நூலைவிட உறுதியானது என்று 2015இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள்.

வீடு மாறும் நண்டு

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது துறவி நண்டு. துறவி என்று பெயர்தான். வீட்டு ஆசை அதிகம்! அதன் பின்பாதி உடம்புக்கு ஓடு கிடையாது. அதனால் செத்த நத்தையின் காலிச் சங்கில் குடியேறும். வளர வளர வீடு போதாது. பெரிய சங்கு ஒன்று கிடைத்தால், பல நண்டுகள் பெரிது சிறிதாக வரிசை கட்டும். பெரிய நண்டு புது வீட்டில் புகுந்ததும், அதன் பழைய வீட்டுக்கு அடுத்தது, அதன் வீட்டுக்கு அதற்கடுத்தது. வாடகை இல்லை, முன்பணம் இல்லை!

இப்போது யோசியுங்கள். பிள்ளை ஒரு பை நிறையச் சங்கு பொறுக்கி வந்தால், அத்தனை வீடும் போயிற்று. கடையில் பளபளவென்று இருக்கும் சங்கு பலவும் உயிரோடு பிடித்து, உள்ளே இருந்ததைக் கொன்று சுத்தம் செய்தவை. கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. பாசிமணி விற்கட்டும், பனைவெல்லம் விற்கட்டும், நாமும் வாங்குவோம். ஆனால் கடல்குதிரை, பவளம், கடல் அட்டை, சில வகைச் சங்குகள் இவற்றுக்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவற்றை விற்பது குற்றம். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

கள்ளக்கடல்

பயம் இருக்கிறது, தெரியும். 2004 டிசம்பர் 26ஐ இந்த மாவட்டத்தில் யார் மறப்பார்? குளச்சல் கதறியது. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்து எறிந்தது.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி மாண்டார்கள். அன்று புயல் இல்லை. எங்கோ தெற்கே பெருங்கடலில் எழும் புயல், பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இங்கே அலையை அனுப்புகிறது. சொல்லாமல் வருவதால் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். இப்போது ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அன்றும் தந்திருந்தது. பார்க்க வருகிறவர்கள் காதில்தான் அது விழுவதில்லை. ஒவ்வொரு கடற்கரை வாசலிலும் அன்றன்றைய எச்சரிக்கையைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் என்ன? கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் வாங்கப் பஞ்சாயத்திடம் காசில்லையா?

அதுவரை ஒரு வழி இருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போங்கள். "பாட்டா, கடல் எப்ப வத்தும்? இன்னைக்கு இறங்கலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம் மக்கா" என்றால் திரும்பிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைப் பக்கமே போக வேண்டாம், கடல் கொந்தளிக்கும் காலம். தையும் மாசியும் நல்லது. வற்றத் தொடங்கும்போது போய், ஏறத் தொடங்குமுன் கரைக்கு வந்துவிடுங்கள். அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். அழகாக இருக்கிறதே என்று கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நத்தைக்கு விஷ ஊசி உண்டு, அதற்கு மாற்று மருந்து இல்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடி வைத்துவிடுங்கள், அடியில் குடித்தனம் இருக்கும். வழுக்காத செருப்பு, ஒரு தொப்பி, குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் குப்பியைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.