கட்டியின் பெயரைக் கேளுங்கள்

“சுவாசப்பையிற் கட்டி” என்று வைத்தியர் கூறிய அளவிலே, மேலும் ஒன்றும் வினவாது நோயாளியை வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவோர் நம்மிடையே உளர். கத்தி வைத்தாற் பரவிவிடும் என்பது அவர்தம் வாதம். இது பெருந்தவறென்பது என் துணிபு. ‘மரம்’ என்றெழுதும் மாணவனை ‘எம்மரம்?’ என்று கேட்டுப் பழகிய தமிழாசிரியனுக்கு, கட்டியின் இனம் அறியாமலே அதன் முடிவைக் கூறிவிடுதல் வியப்பையே தருகின்றது.

கார்சினொயிட் என்னும் அரிய கட்டியை எடுத்துக்கொள்வோம். சுவாசப்பைப் புற்றுக்களில் 100க்கு 1 அல்லது 2 அளவினவே இவ்வினத்தன. ‘புற்றுப் போல்வது’ என்னும் பொருள்பட இப்பெயரை 1907இல் ஒபேர்ண்டோர்பர் என்னும் ஜெர்மானிய அறிஞர் குடற்கட்டிகளுக்கு இட்டார். நெடுங்காலம் தீங்கற்றதென எண்ணப்பட்ட இது, இன்று புற்றினத்துள்ளேயே வைக்கப்படுகின்றது. எனினும் பெரும்பாலும் மெல்லவே வளர்வது. காற்றுக்குழாயினுள் முளைத்து அதனை அடைக்குமாயின் இருமலும், சளியோடு இரத்தமும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நியூமோனியாவும் தோன்றும். தொய்வென்று கருதி நெடுநாள் மருந்துண்டு வருந்துவோரும் உண்டு.

இதற்குத் தலையாய சிகிச்சை கத்தியே. முன்னர்ச் சுவாசப்பை ஒன்றனை முழுதும் அகற்றுவதே வழியாயிருந்த இடத்தில், 1947இல் இங்கிலாந்தின் சத்திரவைத்தியர் பிரைஸ் தோமஸ் புதுவழி கண்டார். விமானப்படையிற் பயின்ற இளைஞனொருவனுக்கு வலப்புறப் பெருங்குழாயிலே கட்டி. சுவாசப்பையை இழந்தால் அவன் விமானமோட்டுதல் இயலாது. எனவே சட்டைக் கையில் ஒரு வளையத்தை வெட்டியெடுப்பதுபோலக் குழாயின் பழுதுற்ற துண்டை மாத்திரம் நீக்கி, இரு முனைகளையும் பொருத்தித் தைத்தார். சுவாசப்பை எஞ்சியது. இம்முறை இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது.

இக்கட்டியிலும் இருவகை உண்டு. பிரியும் கலங்கள் மிகச் சிலவாய், இழைய அழிவும் இன்றியிருப்பது சாதாரண வகை. அதனை முற்றாக அகற்றப்பெற்றோரில் 100க்கு 90க்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர். மற்றைய வகை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுதல் மிகுதி. அவர்க்கு அத்துணை நம்பிக்கை கூறுதற்கில்லை. இவ்வேறுபாட்டை நுணுக்குக்காட்டியே கூறும், அயல்வீட்டார் கூறார்.

நோயாளியைக் கட்டிலில் விட்டு, மகனை மாத்திரம் விறாந்தைக்கு அழைத்து விடயத்தைச் சொல்லும் வழக்கமும் எனக்கு உடன்பாடன்று. சத்திரசிகிச்சையின் பின் 10 ஆண்டு கழிந்தும் இக்கட்டி மீளத் தோன்றுவதுண்டு. அத்தனை காலமும் சோதனைக்குச் சென்றுவர வேண்டியவர் நோயாளியேயன்றி மகனல்லரே!