மாடிக்கு மட்டும் போதாது மானியம்

அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைப்பவன் நான். இரண்டு வருஷமாக வாடிக்கையாளர்கள் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் சோலார் என்றாலே “அதெல்லாம் பெரிய வீட்டுக்காரங்க சமாச்சாரம்” என்று நகர்ந்துவிடுவார்கள். இப்போது “மானியம் போக எவ்வளவு ஆகும் அண்ணா?” என்று கேட்கிறார்கள். இந்த மாற்றத்தைச் செய்தது விளம்பரம் இல்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டம்தான்.

முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000 வரை மானியம். மூன்று கிலோவாட் போட ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆகிறது. பேனல் மாட்டி, நெட் மீட்டர் (நாம் தருவதையும் எடுப்பதையும் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) வைத்து, சரிபார்த்து முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனாலும் வரும் என்ற உறுதி இருப்பதால் மாதச் சம்பளக்காரர் துணிந்து கடன் வாங்குகிறார். அரசு வங்கிகள் இதற்கு அடமானம் இல்லாமலே கடன் தருகின்றன.

பலன் எங்கே தெரிகிறது என்றால், யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் நம் மின் கட்டணப் படிக்கட்டில். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு பில் ஆறாயிரத்தை நெருங்கும். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நான்கு யூனிட் தரும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். மேகமூட்டமான நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் மூன்று கிலோவாட்டில் இரண்டு மாதத்துக்கு அறுநூறு யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். அது முதலில் அடித்து நொறுக்குவது ஒன்பது, பத்து ரூபாய் யூனிட்டுகளை. மிச்சம் கட்ட வேண்டியது சில நூறு ரூபாய்தான்.

“வசதி உள்ளவனுக்கு எதுக்கு அரசுப் பணம்?” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சேமிப்பு முழுக்க வீட்டுக்காரருடையது என்றால் மானியமே தேவையில்லை. ஆனால் மதிய நேரத்தில் அந்த மாடியில் பிறக்கும் மின்சாரம் அடுத்த வீட்டு மோட்டாருக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டை (எஸ்டேட்) பட்டறைகளுக்கும் போகிறது. எங்கேயோ நிலக்கரி எரித்துத் தூரத்திலிருந்து கொண்டுவருவது அந்த அளவுக்குக் குறைகிறது. அந்தப் பங்குக்குத்தான் அரசு விலை கொடுக்கிறது. கொடுக்க வேண்டும்.

என் மனக்குறை வேறு. ராத்திரியில் பேனல் வேலை செய்யாது.

மே மாதம் எனக்குப் போன் வருவதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். “லோ வோல்டேஜ்”, “ஒரு ஃபேஸ் போச்சு”, “ஏ.சி. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகலை”. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் மூன்று தளம், ஆறு குடித்தனம், அறைக்கு ஒரு ஏ.சி. தெருமுனை டிரான்ஸ்பார்மர் மட்டும் பழையது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. செய்தியில் அது வெறும் எண். எங்கள் தெருக்களில் அந்தக் கோடையில் கைக்குழந்தையை விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தச் சுமையைக் குறைக்க மாடிக்குத் தரும் மானியம் போதாது. அறைக்குள்ளே தர வேண்டும். குளிர்நாடுகள் இதைச் செய்கின்றன. பிரிட்டனில் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைத்தால் 7,500 பவுண்டு தருகிறார்கள். 2023 அக்டோபரில்தான் அதை 5,000-லிருந்து உயர்த்தினார்கள். வெப்பப் பம்பு என்பது வேறு ஒன்றும் இல்லை, நம் ஏ.சி.யின் உறவுக்கார இயந்திரம்தான். நாம் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறோம். அவர்கள் வெளியே இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தை இழுத்து உள்ளே விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? டெல்லியில் பி.எஸ்.இ.எஸ். மின் நிறுவனங்கள் பழைய ஏ.சி.யைக் கொடுத்தால் ஐந்து நட்சத்திர ஏ.சி.யைத் தள்ளுபடியில் தரும் திட்டத்தை நடத்தியிருக்கின்றன. நம் பக்கத்து வீடுகளில் இன்னும் 1,700 வாட் இழுக்கும் பழைய பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்ற ஒரு கை கொடுத்தால் ராத்திரி பத்து மணிச் சுமை இறங்கும்.

ஏ.சி. கூட இல்லாத வாடகைக்காரர்கள்தான் எனக்கு முக்கியம். அயப்பாக்கத்தில் ஒரு பெண், எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை, என்னிடம் கேட்டார்: “வாடகை வீட்டு மாடியில நான் எதுக்கு அண்ணா செலவு பண்ணணும்?” அவர் கேட்டது சரி. மாடி அவருடையது இல்லை. ஆனால் ஃபேன் அவருடையது. வீடு மாறினால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரை இழுக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேன் 30, 35 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு ஃபேன் தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 108. இப்போது 560 யூனிட் ஓட்டும் வீடு 452-க்கு இறங்கும். 500-ஐத் தாண்டாததால் கட்டணப் படிநிலையே மாறும். சுமார் 2,550 ரூபாய் பில் 1,500-க்கு வந்து நிற்கும். தடை ஒன்றுதான்: இந்த ஃபேன் ஒன்று மூவாயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் மூன்று ஃபேனுக்கு ஒன்பதாயிரம் மொத்தமாக யார் எடுத்து வைப்பார்கள்?

இதற்கு வழி நாடே பார்த்ததுதான். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் எல்.இ.டி. பல்புகளைக் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியது. 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பின் கொள்முதல் விலை சில ஆண்டுகளிலேயே 38 ரூபாய்க்கு விழுந்தது. சில இடங்களில் விலையை மின் கட்டணத்தோடு தவணையாகவும் பிடித்தார்கள். அதே நிறுவனம் 2023 நவம்பரில் ஃபேனுக்கும் ஒரு திட்டம் அறிவித்தது. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் அதோடு கைகோத்து, பில்லில் இருநூறு ரூபாய் தவணையாகப் பிடித்தால் அந்த அயப்பாக்கத்துப் பெண் முதல் பில்லிலேயே லாபம் பார்ப்பார்.

எந்த டிரான்ஸ்பார்மர் கோடையில் திணறுகிறது என்பது ஒவ்வொரு செக்‌ஷன் ஆபீஸின் லைன்மேனுக்கும் மனப்பாடம். அந்தத் தெருக்களிலேயே ஃபேன், ஏ.சி. மாற்றும் திட்டத்தைத் தொடங்கலாம். அடுத்த மார்ச்சுக்குள் தொடங்க வேண்டும்.