பினாங்கின் வரவேடும் நம் செக்ரோலும்

ஆண்டுதோறும் புள்ளி விவர இலாகா ஒவ்வொரு மாநிலத்தின் பொருளாதாரக் கணக்கையும் வெளியிட்டு வருகிறது. அக்கணக்கில் பினாங்கு எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. 2022-ல் பினாங்கின் பொருளாதாரம் 13.1 விழுக்காடு வளர்ந்தது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான வளர்ச்சி 9 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 2023-ல் உலகச் சந்தையில் மின்னணுச் சாமான்களுக்குக் கிராக்கி குறையவே, பினாங்கின் வளர்ச்சியும் 3.3 விழுக்காடாக இறங்கியது. அப்படி இறங்கிய ஆண்டிலும், மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பைத் தலைக்கணக்கில் பிரித்துப் பார்த்தால், ஆளுக்கு 70,000 வெள்ளிக்கு மேல் வருகிறது.

கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. ஒரு கடற்கரைப் பட்டணம் செழித்தால் அதைச் சுற்றியுள்ளவர்களும் செழிக்க வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம். ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதையும் நாம் அறிவோம். ஆகவே இந்தக் கணக்கைத் தொழிலாளியின் கண் கொண்டு ஒருமுறை பார்ப்போம்.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைக்கு 70,000 வெள்ளி என்றால், அக்குடும்பத்தின் பேரில் ஏட்டில் எழுதப்படுவது 350,000 வெள்ளி. தாயும் தந்தையும் குறைந்தபட்ச ஊதியமான 1,700 வெள்ளிக்கு உழைத்தால், ஆண்டு முழுவதும் இருவரும் சேர்ந்து பெறுவது 40,800 வெள்ளி. மீதி எங்கே? அது கம்பெனிகளின் லாபத்திலும், இயந்திரங்களின் தேய்மானக் கணக்கிலும், வரியிலும், நிலத்துக்குச் சொந்தக்காரர்களின் வருவாயிலும் அடங்கியிருக்கிறது. உற்பத்தி மதிப்பு வேறு, சம்பளம் வேறு. இதைத் தோட்டத்துக் கிராணிமாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் நிறுக்கப்பட்ட பாலின் விலையும், செக்ரோலில் பதியப்பட்ட கூலியும் ஒரே தொகையாக இருந்ததை எந்தக் கிராணியும் கண்டதில்லை.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் கதை இதுதான். மொத்த உற்பத்தி மதிப்பில் உழைப்பவர்களுக்குச் சம்பளமாகப் போவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. இதை 45 விழுக்காடாக உயர்த்துவது இலட்சியம் என்று 2023-ல் அரசாங்கமே அறிவித்திருக்கிறது. அந்த இலட்சியத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் இலட்சியம் தானாக நடந்து வராது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும்.

பினாங்கு எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1786-ல் பிரான்சிஸ் லைட் காலூன்றிய நாள் முதல் அது வரியில்லாத் துறைமுகம். ஈயமும் ரப்பரும் அவ்வழியே கப்பலேறின. நாகப்பட்டினத்திலிருந்து வந்த நம் பாட்டன்மார் பலர் முதன்முதலில் மிதித்த மண்ணும் அதுவே. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வளர்ச்சியின் போது வேண்டப்பட்ட கைகள் வீழ்ச்சியின் போது வேண்டாதவை ஆயின.

1969-ல் வரியில்லாத் துறைமுகச் சலுகை நீங்கியது. பட்டணத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் ஆட்சியில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1972-ல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டது. இண்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் நிறுவியது. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆலைகளுக்குச் சென்றார்கள். 2021-ல் அதே கம்பெனி பத்தாண்டுகளில் 30 பில்லியன் வெள்ளி முதலீடு செய்வதாக அறிவித்தது. இன்று மாநில உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி ஆலைத் தொழிலிலிருந்து கிடைக்கிறது. விவசாயத்தின் பங்கு மிகச் சிறியது.

இந்த வெற்றியில் ஒரு குறையை மட்டும் எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. வட்டாரம் திறந்து 16 ஆண்டுகள் வரை மின்னணுத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க அனுமதிக்கப்படவில்லை. 1988-ல்தான் ஆலைக்குள் அடங்கிய சங்கங்களுக்கு வழி விடப்பட்டது. ஆலை தாண்டி வட்டாரச் சங்கங்கள் பதிவாக 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டத் தொழிலாளர்களோ 1954-லேயே பல சங்கங்களை ஒன்றாக இணைத்து ஒரே தேசியச் சங்கம் கண்டவர்கள். கூலி பேசும் கலையில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள் என்று சொன்னால் அது வீண் பெருமையல்ல.

பட்டணத்தின் கணக்கைப் பற்றிப் பால்மரம் வெட்டும் நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, நிலம். ஆலைகள் பெருகினால் அக்கரையில், செபராங் பிறையில், நிலத்தின் விலை ஏறுகிறது. முன்பு கரும்பும் பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த பத்து காவானில் இன்று தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. ரப்பரில் வரும் லாபத்தைவிட நிலத்தை விற்பதில் வரும் லாபம் பெரிதென்று கம்பெனிக்குத் தோன்றினால், லயத்தில் குடியிருப்பவர் கதி என்ன? 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புச் செய்யப்படும் தொழிலாளி 2 ஆண்டுகளுக்குக் குறைவாக உழைத்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுகள் வரை என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள் சம்பளம் பெறவேண்டும். இருபதாண்டு பால் வெட்டியவருக்குக் கிடைப்பது 400 நாள் சம்பளம். அந்த விதிகளில் வீடு என்ற சொல்லுக்கு இடமில்லை. வேலை போகும் அன்றே கூரையும் போகிறது. வளர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடுவோர் இந்த இழப்பை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள்?

இரண்டாவது, நம் பிள்ளைகள். அவர்கள் தோட்டத்தில் தங்குவதாக இல்லை; தங்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் கையில் சான்றிதழ் இல்லாமல் ஆலை வாசலுக்குப் போகிறவன் குத்தகைக்காரனிடம் அகப்படுகிறான். வேலை செய்வது ஒரு கம்பெனியில், சம்பளம் கொடுப்பவர் வேறொருவர் என்ற நிலை ஏற்படுகிறது. கங்காணி முறை ஒழிந்தது என்று நாம் மகிழ்ந்தோம். இங்கே அது வேறு பெயரில் திரும்பி வரக் காண்கிறோம். பினாங்கில் 1989 முதல் திறன் மேம்பாட்டு மையம் ஒன்று ஆலைகளின் கூட்டு முயற்சியில் நடந்து வருகிறது. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. பள்ளி முடித்த பிள்ளையை மறுவாரமே வேலைக்கு அனுப்பாமல், ஓரிரு ஆண்டு பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், பின்னர் அந்தப் பிள்ளை இயந்திர வல்லுநனாகச் சம்பளம் வாங்குவதைக் காண்பார்கள். தோட்டத்துக் கிராணிமார் இவ்விஷயத்தில் விண்ணப்பத்தாள் நிரப்பிக் கொடுத்து உதவினால் அதுவே பெருந்தொண்டு.

வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு சொல். வங்காளதேசத்தவரும், நேப்பாளத்தவரும், இந்தோனேசியரும் கூலியைக் கெடுக்கிறார்கள் என்று நம்மில் சிலர் முணுமுணுக்கக் கேட்கிறோம். கூலியைக் கெடுப்பவர் மலிவாக உழைக்க நேர்ந்தவரல்லர், மலிவாக வாங்குபவரே. நம் பாட்டன்மாரைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். அவர்களும் சங்கத்தில் உறுப்பினராகச் சட்டம் இடந்தருகிறது. சேர்த்துக்கொள்வதே நமக்கும் பாதுகாப்பு.

காலம் நமக்குச் சாதகமாகவும் சில காரியங்களைச் செய்திருக்கிறது. 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம், 2025-ல் 1,700 வெள்ளியானது. 2018 முதல் சொக்சோவின் கீழ் வேலை இழந்தோருக்கான காப்புறுதி நடப்பில் இருக்கிறது. 2024 செப்டம்பர் 15 முதல் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்து, ஒரே ஆலை, ஒரே தொழில் என்ற வேலிகள் அகற்றப்பட்டிருக்கின்றன. வேலி போயிற்று, வாசலைக் கடப்பது நம் பொறுப்பு. நாட்டின் தொழிலாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடச் சங்கத்தில் இல்லாத நிலையில், நல்ல சட்டமும் அலமாரிக்குள்தான் உறங்கும்.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். மாநில வளர்ச்சி விழுக்காட்டை அறிவிக்கும் அதே நாளில், அதே மேடையில், சம்பளத்தின் வளர்ச்சியையும் அறிவிக்க வேண்டும். தோட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி தரும் அதிகாரிகள், அங்கு உழைத்த குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்ற நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு அனுமதி தர வேண்டும். நிரந்தரமான வேலைக்குக் குத்தகை ஆள் வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் காலத்தில் தங்குமிடமும் உதவித்தொகையும் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! பினாங்கு வளரட்டும், இன்னும் உயரட்டும். அந்த வளர்ச்சியில் நம் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுப்புங்கள். லயத்து வீட்டுக்கு மாற்று வீடு பற்றித் தோட்ட நிர்வாகம் எழுத்து மூலம் எதுவும் கொடுத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கொடுக்கவில்லை என்றால், நிலம் கைமாறும் வரை காத்திராமல், இன்றே சங்கச் செயலாளரிடம் அறிவியுங்கள். ஆலைக்குப் போன பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, சங்கத்தில் சேர்ந்தாயா என்று மறவாமல் கேளுங்கள்.